அக்கா படுத்திருந்த வருஷங்கள்

மறையூரில் கரும்புத் தோட்டத்தில் நானும் அம்மாவும் சோகை உரித்துக்கொண்டிருந்தோம். மூணாற்றிலிருந்து இறங்கி வந்த பஸ் ரோட்டோரம் நின்றது. கண்டக்டர் இறங்கி வரப்பு வழியாக எங்களை நோக்கி நடந்து வந்தார். பஸ்ஸை நடுவழியில் நிறுத்துகிற ஆள் இல்லை அவர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மூத்த மக மேல மரக்கெளை முறிஞ்சு விழுந்துருச்சாம். எஸ்டேட் ஆசுபத்திரியில வச்சிருக்காக. உசுருக்கு ஒண்ணும் இல்லையாம். மேல போற வண்டி இப்ப வந்துரும், கெளம்புங்க" என்றார்.

உயிருக்கு ஒன்றும் இல்லை என்பதை அம்மா பிடித்துக்கொண்டாள். வெல்ல ஆலையிலிருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியபோதும், பாதி மலையில் வெயில் போய் மழை தொடங்கி ஜன்னல் படுதாவை இறக்கியபோதும், பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். உசுருக்கு ஒண்ணுமில்லையாம். கெளைதானாம், மரம் இல்லையாம்.

அக்காவை மூணாறுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அக்கா கொழுந்து எடுத்தாள். ஆறேழு மாதமான ஒரு பெண்குழந்தை இருந்தது. அக்கா வாயாடி. எடை போடுகிற இடத்தில் கணக்கில் தவறு வந்தால் சூப்பர்வைசரையே மடக்கிப் பேசுவாள் என்று அவளுடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், தென்மேற்குக் காற்று மலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாளில், நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று முறிந்தது. சத்தம் கேட்டு மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். அக்கா இடுப்பில் கட்டியிருந்த சாக்கு செடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தாள். குனிந்த முதுகின் குறுக்கே கிளை விழுந்தது. தேயிலைச் செடிகள் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டதால் உயிர் இருந்தது என்றார்கள்.

ஃபேக்டரியிலிருந்து மச்சான் ஓடி வந்திருக்கிறார். அவரும் மற்ற ஆண்களும் ஒரு கம்பளியில் அவளைப் போட்டு, நாலு மூலையையும் பிடித்துச் சரிவில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நாங்கள் போனபோது அக்கா விழித்திருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"ஏண்டி, என் காலை ஏன் இப்பிடி மடக்கி வச்சிருக்காக? வலிக்குது. நீட்டி விடு."

நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். கால்கள் இரண்டும் நேராக நீட்டித்தான் இருந்தன.

"நீட்டிட்டேன்க்கா" என்றேன்.

"எங்கடி நீட்டுன? மடக்கித்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் ஜீப்பில் மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் இளவயதுக்காரர், மலையாளி, ஓரளவு தமிழ் பேசுவார். ஊசி முனையால் பாதத்திலிருந்து குத்திக்கொண்டே மேலே வந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தொப்புளுக்குச் சற்று மேலே வந்தபோதுதான் "ஆ" என்றாள். டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

பிறகு வராந்தாவில் எங்களை நிறுத்தி, முதுகெலும்புக்கு உள்ளே போகிற தண்டு நசுங்கிவிட்டது என்று சொன்னார். "எப்படித் தூக்கிக்கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"கம்பிளியில" என்றார் மச்சான்.

"வளைஞ்சு தொங்கிச்சா?"

 டாக்டர் மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிளை விழுந்தபோதே போயிருக்கும். நீங்க எப்படித் தூக்கியிருந்தாலும் இதுதான்" என்றார். அது உண்மையா, இரக்கத்தில் சொன்னதா, எனக்குத் தெரியாது. மச்சானுக்குக் கேள்விதான் காதில் நின்றது. அதற்குப் பின்னால் வந்த வார்த்தைகள் அவர் காதில் விழவே இல்லை என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நான் அதைச் சொன்னபோது, "அப்பிடியா சொன்னாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப நடப்பா?" என்றாள்.

"இனி நடக்கில்லா, அம்மே" என்றார். அந்த நேரத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை. ஆனால் அந்த மலையாளம் எங்களுக்குப் புரிந்தது.

அங்கே ஒரு நர்ஸ், வயதானவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் காட்டிக் கொடுத்தாள். "மோளே, சேச்சியெ திரிச்சுத் திரிச்சுக் கிடத்தணம், கேட்டோ? இல்லெங்கில் தொலி பொட்டும்." ஒரே பக்கமாகப் படுத்தால் தோல் வெடித்துவிடும் என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும், தனித்தனியாக அல்ல. மூத்திரம் போகிற ரப்பர் குழாயை எப்படிக் கழுவுவது, அடிவயிற்றை எங்கே அமுக்குவது என்றெல்லாம் அவள் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு ஆலை வேலை. யார் அக்காவோடு இருக்கப்போகிறார்கள் என்பதை அந்த நர்ஸ் எங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள்.

அக்காவுக்குப் பால் மட்டும் நிற்கவில்லை. நெஞ்சு டாக்டர் போட்ட கோட்டுக்கு மேலே இருந்ததல்லவா. குழந்தையைப் பக்கத்தில் அணைத்துப் படுக்க வைத்தால் அது எப்போதும்போலக் குடித்தது. வயிறு நிறைந்ததும் அக்காவின் வயிற்றில் காலால் உதைத்து விளையாடும். "ஒதைக்கிறாளாடி? பாத்துச் சொல்லு" என்பாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபின் லயத்துக்குக் கொண்டுவந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். கயிற்றுக்கட்டில் தொய்ந்துவிடும் என்பதால் மச்சான் பலகை அடித்துக் கட்டில் செய்தார். இடுப்புக்கு அடியில் வைக்க லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்தார். எங்களிடம் கடிகாரம் இல்லை. ஃபேக்டரிச் சங்கு, பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு ரேடியோ, இவற்றை வைத்து நேரம் பார்த்துப் புரட்டினேன்.

எதுவும் காயாத மாதங்கள் அவை. துணி துவைத்துப் போட்டால் மூன்று நாள் ஆனாலும் ஈரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டி அக்காவின் துணியையும் குழந்தையின் துணியையும் புகையில் காய வைத்தேன். வீடு முழுக்க மூத்திரமும் புகையும் கலந்த ஒரு நாற்றம். வந்து பார்க்கிறவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அது தெரிந்தது. "உள்ள வாங்கக்கா, நாத்தம் ஒட்டிக்காது" என்று சத்தமாகச் சொல்வாள். அதற்காகவே அவர்கள் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

நான் எவ்வளவு புரட்டியும் முதுகின் அடிப்பகுதியில் புண் வந்துவிட்டது. முதலில் ஒரு சிவப்பு. பிறகு கொப்புளம். பிறகு கருத்து, உள்ளே குழிந்தது. அவளுக்கு வலியில்லை. வலியில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்த அன்று அக்கா, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "ஆறிட்டு வருதுக்கா" என்றேன்.

யாரோ சொன்னார்கள் என்று அப்பா சமவெளியிலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டி வந்தார். விறைத்துப்போன நரம்பைச் சூடு கொடுத்து இளக்கிவிடலாம் என்றார் அவர். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இலையும் உப்பும் கட்டிய கிழியை எண்ணெயில் சூடாக்கிக் கால் முழுவதும் ஒத்தடம் கொடுத்தார். "சூடு தெரியுதா தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "லேசாத் தெரியிற மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். அவர் இன்னும் சூடாக்கி வைத்தார். மறுநாள் காலையில் இரண்டு கெண்டைக்காலும் கொப்புளித்து நீர் கோத்திருந்தன. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "பொய் சொன்னேன்டி. ஒண்ணுமே தெரியல. சொன்னா விட்டுட்டுப் போயிருவாருன்னு பயந்தேன்" என்றாள்.

அந்த ஐப்பசியில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்தார்கள். மச்சான் வேலை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தம்பி, நாங்க யோசிச்சுத்தான் வந்திருக்கோம். நீங்களும் எத்தனை நாளைக்கு இப்பிடி இருப்பீக? வயசு என்ன ஆச்சு? வெளியிலருந்து ஒருத்தி வந்தா இவளையும் பாக்க மாட்டா, புள்ளையையும் பாக்க மாட்டா. இவ இங்கயேதான இருக்கா. முறையும் இருக்கு. தங்கச்சியையே கட்டிக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஒரே அறை. அக்கா படுத்திருந்த கட்டில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுக்குக் கேட்காது என்று அம்மா நினைத்திருக்க முடியாது. நான் கையில் அகப்பையோடு நின்றேன். மச்சான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து அக்கா பேசினாள். "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். தையிலயே வச்சுக்கங்க."

மச்சான் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை. அம்மா அடுப்படிக்கு வந்து என் கன்னத்தைத் தடவி, "என் தங்கம்" என்றாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

மச்சான்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவிலிருந்த அந்த இடத்திலேயே என் ஆயுசு முடிந்துவிடும் என்று தெரிந்தது. அதுவரை, அக்காவுக்குக் கொஞ்சம் சரியானதும் ஊருக்குப் போய்விடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அம்மாவும் அப்பாவும் போன மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். பசியில்லை என்றாள். பிறகு கஞ்சியையும் தொடவில்லை. பால் வற்றிக் குழந்தை கத்தியது. உடம்பு அனலாகக் கொதித்தது. புண்ணிலிருந்து வேறு மாதிரியான வாடை வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "சாப்பிடாம இருந்தா மருந்து வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அழுகிற குழந்தையைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் படுக்க வைத்தேன். எனக்குள் அப்படி ஒரு கோபம்.

"சாகணும்னா சாவு. நான் தடுக்கல. ஆனா என்னைய இங்க கட்டிப் போட்டுட்டுச் சாகாத. நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரு?"

அக்கா திரும்பவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்க்கா. நீ என்னையக் கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?"

சுவரைப் பார்த்தபடியே அக்கா பேசினாள். "கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவ. வேணாம்னா போயிருவ. எவனாவது வருவான், கட்டிக்கிட்டுப் போயிருவ. நீ போயிட்டா என்னைய யாருடி பெரட்டிப் போடுவா? ஒன்னைய இங்க இருக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல." பிறகு சொன்னாள், "அவுகள ஒன்கிட்டக் குடுக்கணும்னு மனசாரவா சொன்னேன்? அன்னைக்கு அம்மா பேசுறப்ப எந்திரிச்சு அவ வாயைப் பொத்தணும் போல இருந்துச்சு."

அவள் சத்தமாக அழுதது அன்றுதான். கிளை விழுந்த நாளிலிருந்து அதுவரை அவள் அழுது நான் பார்க்கவில்லை. படுத்தபடி அழுததில் கண்ணீர் காதுக்குள் போயிற்று. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நானும் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி உயிர் போய்விட்டது என்று நினைத்து ஓடி வந்தாள். முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

மச்சானிடம் பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் ஃபேக்டரி விட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வெந்நி இருக்கா?" என்றார்.

"இருக்கு மச்சான். குளிக்கிறீகளா?"

"இல்ல. எப்பிடிப் பெரட்டணும், எப்பிடிக் கழுவணும்னு சொல்லு. இனிமே நான் செய்றேன்."

அக்கா பதறிவிட்டாள். "அய்யய்யோ, ஆம்பள செய்ற வேலையா இது? வெளிய போங்க! ஏண்டி, அவுகள வெளிய போகச் சொல்லு!" கைகளால் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கைகளில் மட்டும்தான் அவளுக்கு பலம் இருந்தது. மச்சான் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினார். நான் சொல்லச் சொல்லத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டினார். அந்தப் புண்ணை அவர் அன்றுதான் பார்த்தார்.  பிறகு வெளியே போனார். லயத்துக்குப் பின்னால் அவர் வாந்தி எடுக்கிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அக்கா, "நான் சொன்னேன்ல" என்றாள்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தார். துணியை நனைத்துப் பிழிந்தார். "எங்கேருந்து தொடைக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

முடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார்: "அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல புள்ள. அசதி. யாராவது ஒருத்தர் எதையாவது முடிவு பண்ணட்டும்னு இருந்துட்டேன்." அடுத்த வாரம் மறையூருக்குப் போய் அம்மாவிடம் அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குக் கோபம். வெகுநாள் அந்த லயத்தை எட்டிப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் பஸ்ஸில் தேன் கொடுத்துவிட்டார். புண்ணில் தடவலாம் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். காட்டிலிருந்து மலைவாசிகள் எடுத்து வருகிற தேன். அக்கா அதில் ஒரு விரல் தொட்டுக் குழந்தையின் வாயில் வைப்பாள்.

அக்கா மறுபடி கஞ்சி குடித்தாள். உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. புண் மூடுவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலாயிற்று. சில வாரங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே இருப்போம். அக்காவின் பெயரை எஸ்டேட்டில் எடுத்துவிட்டார்கள். நான் கொழுந்து எடுக்கப் பேர் கொடுத்தேன். பகலில் நான் வேலைக்குப் போகிற நேரத்தில் மச்சான் வீட்டில் இருக்கும்படி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். வெயில், மழை, எதுவானாலும் சரி, வெளியே நாலு பேரோடு நிற்க முடிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. காற்று அடித்தால் மட்டும் எல்லோருக்கும் முன்னால் நான் ஓடிவிடுவேன்.

பிறகு எனக்கு மறையூரிலேயே ஒரு வரன் அமைந்தது. அக்காதான் பிடிவாதமாக நின்று அதை முடித்தாள். "போடி. அவுக என்னையப் பாத்துக்குவாக" என்று சொன்னாள். பஸ் ஏறுகிறவரை எனக்கு அது நம்பிக்கையாக இல்லை. ஆனால் மச்சான் பார்த்துக்கொண்டார். குழந்தை அந்தக் கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் நிற்கப் பழகினாள். தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து அக்கா அவளுக்குத் தலை பின்னினாள், வெங்காயம் உரித்தாள், ஜன்னல் வழியாகப் பக்கத்து லயத்தோடு சண்டை போட்டாள். நான் போய்ப் பார்க்கிறபோதெல்லாம் அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள்.

எழுபதுகள் முடிகிற சமயம், குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷத்து மழையில் அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கிருமி இறங்கிக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை ஊசிக்குக் கட்டுப்படவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நினைவு தப்பியிருந்தது. மச்சான் அப்போதும் நேரம் பார்த்துப் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். இனி வேண்டாம் என்று கம்பவுண்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை.

அக்கா போய்ச் சில வருஷம் கழித்து அவர் வேறு எஸ்டேட்டைச் சேர்ந்த ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். அம்மா போகவில்லை. நான் போனேன். நல்ல மாதிரியான பெண். அதே லயத்து அடுப்படியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, கூச்சத்தோடு, "ஒங்க அக்கா பாக்க எப்பிடி இருப்பாக?" என்று கேட்டாள்.

"என்னைய விட நல்ல ஒசரம்" என்றேன். "இந்த நெலைப்படியில குனிஞ்சுதான் உள்ள வருவா."

சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா மகள் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா ஒசரமா, சித்தி?" என்றாள்.